நூற்றுப் பன்னிரண்டில் நின்ற முள்

சேட்டு உள்ளே போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் அவன் வழக்கு வருகிறது. இன்று சனிக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை ஆபீஸில் ஜெயசீலி உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு கோடு, குறுக்கே ஒன்று. காலை எட்டு மணியிலிருந்து இதே வேலை.

தனசிங் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"மேடம், கோடு போட்டு நாளை எண்ண வேண்டியது சேட்டு. அவன்தான் உள்ள கீறான். நீங்க இன்னாத்துக்குப் போடறீங்க?"

"மூணாவது கட்டை எடுத்துக் குடுங்க. வாயை அப்புறம் வச்சுக்கலாம்."

கட்டு என்பது ஜெராக்ஸ் தாள். பம்மலில் தோல் பதனிடும் பொன்னொளி டேனரியின் பாய்லர் புத்தகம். போன மாதம், 1988 மே மாதத்தில், அந்தப் பாய்லர் வெடித்தது. விறகு தள்ளிக்கொண்டிருந்த அந்தோணிசாமி அதே இடத்தில் வெந்து செத்தான். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சேட்டு தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்ததால் தப்பித்தான். தப்பித்ததுதான் அவன் செய்த குற்றம். பாய்லர்காரன் தூங்கிவிட்டான், நெருப்பு எகிறிவிட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. போலீஸ் அதற்கு மேலே ஒரு படி போய்ப் பத்து வருடப் பிரிவில் கேஸ் போட்டு உள்ளே தள்ளியது.

கம்பெனியின் ஆயுதம் இந்தப் புத்தகம்தான். தினமும் பாய்லரின் நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள் எந்த பவுண்டு வரைக்கும் ஏறியது என்று சேட்டு தன் கையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறான். நானூறு நாள். பாய்லர் தாங்கக்கூடியது நூற்று இருபது பவுண்டு. புத்தகத்தில் உள்ள அதிகபட்சம் நூற்றுப் பன்னிரண்டு. நானூறு நாள் ஒழுங்காக ஓடிய பாய்லர் ஒரே நாளில் வெடித்தால் தப்பு யாருடையது? அன்றைக்கு அங்கே இருந்தவனுடையது. கோர்ட்டுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு வேண்டாம்.

சேட்டுவின் பெண்டாட்டி சரசுவும் அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவள். போன வாரம் வந்து, "அவரு தூங்கல. அத்த மட்டும் நிரூபிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் தனசிங்கிற்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

ஜெயசீலி பதினைந்து வருடம் காலேஜில் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவள். ஒரு பெரிய இடத்துப் பையனின் மார்க்கைத் திருத்தச் சொன்ன நாளில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, வழக்குகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க இந்த ஆபீஸைத் திறந்தவள். தனசிங் பம்மல் கல்குவாரியில் பத்து வயதிலேயே சம்மட்டி பிடித்தவன். வெடிக்குப் போன இரண்டு விரல் போக மிச்சம் எட்டு விரலோடு அவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். முதலாளிமார் சொல்வதை முதல் தடவையிலேயே நம்புகிற பழக்கம் இருவருக்கும் கிடையாது.

"கிடைச்சிடுச்சு" என்றாள் ஜெயசீலி. பேனாவை மூடவில்லை. "தனசிங், உங்க குவாரியில தினம் ஒரு பெரிய கல் பேந்து விழுதுன்னு வைங்க. முதல் நாள் விழற கல்தான் அன்னிக்கு ரிக்கார்டு."

"ஒத்த ஆளு ஓடுன ரேசு."

"ரெண்டாம் நாள் கல் அதைவிடப் பெரிசா இருக்க எவ்வளவு சான்ஸ்?"

"பாதிக்குப் பாதி."

"பத்தாம் நாள் கல், அதுவரைக்கும் விழுந்த எல்லாத்தையும்விடப் பெரிசா இருக்க பத்துல ஒரு சான்ஸ். நூறாம் நாளுக்கு நூத்துல ஒண்ணு. குவாரியும் ஆட்களும் மாறாத வரைக்கும் இதுதான் கணக்கு. எந்த ஊர்க் கல்லா இருந்தாலும் சரி, பாய்லர் முள்ளா இருந்தாலும் சரி. நாள் ஆக ஆக ரிக்கார்டு உடையறது அபூர்வமாயிடும். நானூறு நாள்ல எல்லாமாச் சேர்த்து ஆறோ ஏழோதான் வரணும்."

"இதுல எத்தினி?"

"நாலு. முதல் நாள், நாலாம் நாள், பதினஞ்சாம் நாள், நாற்பதாம் நாள். நாற்பதாம் நாள் முள் நூத்திப் பன்னிரண்டைத் தொட்டிருக்கு. அதுக்கப்புறம் முந்நூத்தி அறுபது நாள், ஒரு ரிக்கார்டுகூட இல்லை."

"அப்ப புக்கு டூப்பு!"

"அவசரப்படாதீங்க. அப்படி அமையறதுக்கும் பத்துல ஒரு சான்ஸ் இருக்கு. பத்துல ஒண்ணு நடக்காத சமாசாரம் இல்லை."

"ஆமா, தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் டைமுக்கு வரதும் அந்தக் கணக்குதான். கோர்ட்டுல சிரிப்பாங்க மேடம்."

"அதான் கோடு போட்டேன். இங்க பாருங்க." தாளைத் திருப்பினாள். "உச்சத்துக்குப் பக்கத்துல எப்பவுமே கூட்டம் இருக்காது. முதல் நாற்பது நாள்ல நூத்திப் பதினொண்ணோ பன்னிரண்டோ வந்தது ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் எத்தனை தடவை தெரியுமா? நூத்தி நாற்பத்தி மூணு. நூத்திப் பதிமூணு ஒரு தடவைகூட இல்லை."

தனசிங் குனிந்து பார்த்தான். தாளின் இடது பக்கத்தில் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. வலது கோடியில் ஒரே இடத்தில் முட்டிமோதிக் கறுப்பாக நின்றன. அதற்கு அப்பால் வெள்ளைத்தாள். படிப்பு ஏறாத அவனுக்கும் அது புரிந்தது.

"ரயில்வே கேட்டு போட்டாத்தான் மேடம் வண்டிங்க இப்புடி நிக்கும்."

"அதேதான். கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டிங்க எப்படி வந்திருக்குன்னு பார்த்தா, கேட் இல்லாட்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்னு ஒரு மதிப்புப் போடலாம். போட்டுட்டேன். நூத்தி இருபத்தாறு. ரெண்டு கூடவோ குறையவோ இருக்கும்."

"பாய்லரு தாங்குறதே நூத்தி இருபதுதானே?"

"நூத்தி இருபதுல சேப்டி வால்வு தானா திறந்துக்கணும். திறந்தா பம்மல் முழுக்கக் கேட்கற மாதிரி கத்தும். ஒருத்தரும் கேட்டதாச் சொல்லலை. அப்படின்னா வால்வு எப்பவோ துருப்பிடிச்சு மூடிக்கிச்சு. ஒரு நாள் தூக்கத்துல வெடிச்ச பாய்லர் இல்லை இது. மாசக்கணக்கா வெடிக்கக் காத்திருந்த பாய்லர்."

தனசிங் எழுந்தே விட்டான். "சேட்டு வெளிய வந்தாச்சு!"

"ஒரு கேள்வி பாக்கி. கேட்டைப் போட்டது யாரு?"

"இதுல இன்னா கேள்வி? மேனேஜரு சொல்லிகீறாரு, இவன் எழுதிகீறான். கூலிக்காரன் வேற இன்னா செய்வான்?"

பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே பம்மல் மூக்கில் ஏறியது. பச்சைத்தோலின் வாடை. பிறந்ததிலிருந்து மோந்தவனுக்கும் அது பழகாது. பழகிவிட்டது என்று சொல்கிறவன் ஊரைவிட்டுப் போக வழி இல்லாதவன்.

பொன்னொளி டேனரியில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெடித்த பாய்லர் இருந்த கொட்டகைக்குக் கூரை இல்லை. பக்கத்தில் இரண்டாவது பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. மேனேஜர் ஸ்ரீநிவாசன் இருவரையும் உட்காரச் சொன்னார். தனசிங் உட்கார்ந்த பிறகு, அவன் உட்கார்ந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தார்.

ஜெயசீலி சுற்றி வளைக்கவில்லை. தாளை மேஜைமேல் விரித்தாள். கோடுகளைக் காட்டினாள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

ஸ்ரீநிவாசன் கோபப்படவில்லை.

"ரொம்ப நன்னா இருக்கு மேடம். எனக்கே இது தோணலை. ஆக, சேட்டு பொய்யா எழுதியிருக்கான்றீங்க."

"எழுத வச்சிருக்காங்கன்றேன்."

"யாரு, நானா?" அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். டைப் அடித்த ஒற்றைத் தாள். கம்பெனி முத்திரை, தேதி, கீழே சேட்டுவின் கையெழுத்து. "படிங்கோ."

ஜெயசீலி சத்தமாகவே படித்தாள். 'பாய்லரின் முள் முன்பு எட்டிய உச்ச அளவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உடனே நெருப்பை அணைக்க வேண்டும். ஃபிட்டரை வரவழைத்து வால்வைச் சோதித்த பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.'

"புக்கு ஆரம்பிச்ச முதல் நாளே குடுத்த ஆர்டர். இதைவிட ஒரு மனுஷன் என்ன ஜாக்கிரதை எடுத்துக்க முடியும்? முள்ளு தாண்டித்துன்னு அவன் எழுதியிருந்தா ஃபிட்டர் வந்திருப்பான், வால்வு சரியாகியிருக்கும், அந்தோணிசாமி இருந்திருப்பான். மறைச்சதால எனக்கு என்ன லாபம்? உங்க கணக்கைத் திங்கட்கிழமை அவசியம் கோர்ட்ல குடுங்கோ. நானே ஒரு காப்பி வாங்கிக்கறேன்."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"சிரிச்சுகினே சாவடிக்கிறான் மேடம்" என்றான் தனசிங்.

"அவர் சொல்றதுல தப்பு எங்கன்னு தெரியலை. ஆர்டர் நல்ல ஆர்டர். நான் கம்பெனி நடத்தினாலும் அதைத்தான் போடுவேன்." ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சேட்டு ஏன் மறைக்கணும்? நெருப்பை அணைச்சா அவருக்கு ஓய்வுதானே?"

ஓய்வு என்ற சொல் தனசிங்கிற்குள் எங்கோ இடித்தது. குவாரியில் மழை பெய்து வேலை நின்றால் அவன் அப்பா சந்தோஷப்பட்டதே இல்லை. மழையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். ஏன் திட்டினார்?

அவன் ஜெராக்ஸ் கட்டைப் பிடுங்கினான். டீக்கடைச் சுவரில் இந்த வருடத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் போன வருடத்ததும் இன்னும் தொங்கியது. கடைக்காரன் சாமி படத்துக்காக அதை எடுக்காமல் விட்டிருந்தான். தனசிங் தாளைப் பார்ப்பதும் காலண்டரைப் பார்ப்பதுமாக நின்றான்.

"மேடம். நீங்க முள்ளு எண்ணுனீங்க. நாளை எண்ணல."

"என்ன நாள்?"

"டேனரிக்கு ஞாயித்துக்கெழமை லீவு. இந்த நானூறு நாள்ல மூணே மூணு ஞாயித்துக்கெழமை பாய்லரு எரிஞ்சிகீது. எப்போன்னு பாருங்க. நாலாம் நாளு ரிக்கார்டு, அந்த வாரக் கடைசி ஞாயிறு வேலை. பதினஞ்சாம் நாளு ரிக்கார்டு, அந்த ஞாயிறும் வேலை. நாப்பதாம் நாளும் அதேதான். அதோட சரி. அப்பால ரிக்கார்டும் இல்ல, ஞாயித்துக்கெழமை வேலையும் இல்ல."

ஜெயசீலி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் பாடம் எடுத்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனவனுக்குப் பட்டது.

"நெருப்பை அணைச்சா வேலை அரை நாள் நிக்கும்" என்றாள் மெதுவாக. "அந்த அரை நாளை..."

"ஞாயித்துக்கெழமை வந்து ஈடு கட்டு. குவாரியில மழைக்கும் அதான் சட்டம். அரை நாளு நின்னா முழு ஞாயிறு போவும். பேப்பர்ல இருக்காது மேடம். வாயாலதான் சொல்வானுங்க."

மதியச் சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவளைத் தனசிங்கிற்கு அடையாளம் தெரியும். செத்துப்போன அந்தோணிசாமியின் மனைவி அருள்மேரி. கறுப்புப் புடவையில் இருந்தாள். இடுப்பில் டேனரிச் சாக்கு கட்டியிருந்தாள். புருஷன் இடத்தில் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டிருந்தது.

தனசிங் நேரடியாகவே கேட்டான். "அக்கா, முள்ளு ஏறுனா எழுதாதன்னு சேட்டுகிட்ட யாரு சொன்னது?"

அருள்மேரி கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

"யாரு சொல்லல? மூணு ஞாயிறு பூசைக்குப் போவாம எங்க வூட்டுக்காரருக்கே கிறுக்குப் புடிச்சிடுச்சு. அவரும்தான் சொன்னாரு. நாப்பது பேரும் சொன்னோம். சேட்டு நல்ல மனுசன். மாட்டேன்னு சொல்ல வாய் வராது அவனுக்கு."

"இத்த கோர்ட்டுல வந்து சொல்றியா அக்கா? ஒரு வார்த்த போதும்."

"சொல்லிட்டு எங்க போவட்டும்?" அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பொட்டப்புள்ளைங்க கீது. அவரு செத்துட்டாரு. சொன்னா எழுந்து வந்துருவாரா? போ அண்ணா. நீ வேற."

அவள் போன பிறகு தனசிங் இன்னும் ஏழு பேரைக் கேட்டான். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "ஞாயித்துக்கெழமையா? அப்படி ஒண்ணும் கெடயாது சார்" என்றான். தனசிங்கை 'சார்' என்று பம்மலில் யாரும் கூப்பிட்டதில்லை.

ஜெயசீலி மருந்துக்கடை போனிலிருந்து சேட்டுவின் வக்கீல் சுவிசேஷமுத்துவைப் பிடித்தாள். பேசியது இரண்டு நிமிடம். திரும்பி வரும்போது அவள் நடையே மாறியிருந்தது.

"என்னன்றாரு?"

"முதல்ல சரசுகிட்ட போகலாம்."

சரசு வீட்டில் இருந்தாள். வீடு என்பது ஓலை போட்ட ஓர் அறை. ஐந்து மணி வெயில் கதவு வழியாகப் பாதி அறை வரைக்கும் வந்திருந்தது. ஜெயசீலி பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரிக்கார்டு, கேட், நூற்று இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை.

"யார் முதல்ல சொன்னாங்கன்னு தெரிஞ்சா, அவங்களையாவது சாட்சிக்குக் கூப்பிடலாம்" என்றாள் ஜெயசீலி.

"நான்தான்."

தனசிங் நிமிர்ந்தான்.

"நான்தான் மொதல்ல சொன்னேன். மூணு ஞாயிறு போனப்புறம் மறுபடி முள்ளு ஏறுன அன்னிக்கி. எழுதப் போறேன்னு பென்சிலை எடுத்தாரு. ஆறு நாளு சுண்ணாம்புல கெடக்குற கை, ஞாயித்துக்கெழமை ஒரு நாளுதான்யா காயுது, அதுலயும் மண்ணப் போடாதன்னு சொன்னேன். ஒரு நிமிசம் என் கையப் பாத்தாரு. அப்பால நூத்திப் பன்னெண்டுன்னு எழுதினாரு. சாயந்தரம் கேட்டாண்ட எல்லாரும் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்தோணி அண்ணன்தான் ரொம்ப சிரிச்சாரு."

வெளியே யாரோ குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நான் வந்து சொல்றேன்" என்றாள் சரசு. "கோர்ட்டுல நான் சொல்றேன். வேலை போனா போவட்டும்."

"சரசு, நீங்க அவர் மனைவி. உங்க ஒருத்தர் பேச்சை மட்டும் வச்சு கோர்ட் நம்பாது. நாற்பது பேர்ல பத்துப் பேர் வந்தா நம்பும்." வக்கீல் போனில் சொன்னதை ஜெயசீலி இப்போதுதான் எடுத்தாள். "இன்னொண்ணும் இருக்கு. என் கணக்கைக் குடுத்தா புத்தகம் பொய்னு ஆகும். பொய் எழுதின கை சேட்டுவோடது. ஆபத்துன்னு தெரிஞ்சே ஒரு வருஷத்துக்கு மேல மறைச்சான், அதால ஒருத்தன் செத்தான்னு போலீஸ் திருப்பிடும். கம்பெனிகிட்ட நல்ல ஆர்டர் இருக்கு, கையெழுத்தோட. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பேப்பர்லயும் இல்லை."

"குடுக்காட்டி?"

"புத்தகம் நிஜம்னு நிக்கும். அன்னிக்கு ஒரு நாள் அசந்து தூங்கிட்டேன்னு அவர் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா சின்னப் பிரிவுக்கு மாத்த அரசு வக்கீல் சம்மதிக்கிறாராம்."

"எதுல வருசம் கம்மி?"

ஜெயசீலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தூங்கினேன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள. மறைச்சேன்னா பத்து வரைக்கும் போகும்."

"அப்ப தூங்குனாருன்னே எழுதிக் குடுங்க."

"அவர் தூங்கலைன்னு நிரூபிக்கச் சொல்லித்தானே எங்கிட்ட வந்தீங்க?"

"நிரூபிச்சிட்டீங்களே" என்றாள் சரசு. "எனுக்குத் தெரிஞ்சுது. போதும்."

ஜெயசீலி கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கோடு போட்ட தாள் பாயிலேயே கிடந்தது. சரசு அதை எடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்து அவளிடமே நீட்டினாள்.

"வூட்டுல இருந்தா எவனாவது பாத்துடுவான்."

ஜெயசீலி வாங்கிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டாள். "திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வந்துடுவீங்கல்ல? பத்து மணிக்கு அவரை ஜெயில் வேன்ல கூட்டிட்டு வருவாங்க. அவரைப் பார்த்துப் பேசலாம். ஒத்துக்கச் சொல்லி நீங்க சொன்னாத்தான் கேட்பாரு."

சரசு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெடிச்சப்ப நின்ன நாளுக்கே இன்னும் நாலு ஞாயிறு ஈடு கட்டணும்னு சொல்லிகீறாங்க. திங்கக்கெழமை லீவு போட்டா அஞ்சாவும்." கணக்குப் போடுகிறவளைப் போல ஒரு கணம் யோசித்தாள். "வரேன் மேடம். ஒரு அஞ்சு நிமிசமாவது பேச வுடுவாங்கல்ல?"

ஜெயசீலி விடுவார்கள் என்றாள். தனசிங்கிற்குத் தெரியும், விடமாட்டார்கள்.